பழைய கட்டுரையில் புதுப் பெயர்

2022 மார்ச்சில் ஒரு கட்டுரைக்குக் காசு வாங்கினேன். அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. வேறு யாரும் எழுதித் தரவும் இல்லை. சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் சீசனைப் பற்றி முந்தைய ஆண்டு எழுதி வைத்திருந்த பக்கத்தை கம்ப்யூட்டரில் திறந்தேன். பயிற்சியாளர் சாபா லாஸ்லோ என்று இருந்த இடத்திலெல்லாம் போசிதார் பாந்தோவிச் என்று மாற்றினேன். ‘எட்டாம் இடம்’ என்று இருந்தது. மாற்ற வேண்டியிருக்கவில்லை. ‘20 புள்ளி.’ அதுவும் அப்படியே. ‘20 ஆட்டத்தில் வெறும் 17 கோல்.’ நம்பவே முடியவில்லை, அதுவும் அப்படியே. வாங்கிய கோல் மட்டும் 23 என்று இருந்ததை 35 ஆக்கினேன். வெற்றி, டிரா, தோல்விக் கணக்கைத் திருத்தினேன். ‘வீரர்களிடம் வெறி இல்லை, நிர்வாகத்திடம் திட்டம் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. எனக்கே ரொம்பப் பிடித்த வரி என்பதால் அதில் கை வைக்கவில்லை. ‘மறுபடியும் எட்டு’ என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டேன். இதழ் வந்தது, காசும் வந்தது. ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

கண்டுபிடித்து யாராவது திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அப்படி நடக்காததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் சரக்கை நானே திருடியதை ஒரு பெரிய குற்றம் என்று இத்தனை நாள் நினைக்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் இதைவிட மோசமானதெல்லாம் பார்த்தாகிவிட்டது. உறுத்துவது வேறு. ஒரே கட்டுரை எப்படி இரண்டு சீசனுக்குப் பொருந்தியது? யோசித்தால் பதில் சுலபம். எந்தச் சீசனுக்கும் பொருந்துகிற மாதிரிதான் 2014லிருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

என் வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சீசன் முடியும். இதழிலிருந்து போன் வரும்: “சார், சென்னையின் பத்தி ஒரு பக்கம் வேணும். சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க.” புள்ளிப் பட்டியலைத் திறப்பேன். ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, அடித்தது, வாங்கியது, வித்தியாசம், புள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நான் பார்ப்பது இடது ஓரத்தில் இருக்கிற அந்த ஒற்றை எண்ணை. மற்ற கட்டங்களெல்லாம் அந்த எண்ணுக்குச் சாட்சி சொல்ல வந்தவை. பிள்ளையின் ரேங்க் கார்டை வாங்கி, எத்தனாவது ரேங்க் என்று மட்டும் பார்த்துவிட்டு, ஒன்று முதுகில் தட்டுவது அல்லது முதுகில் வைப்பது என்று வாழ்ந்த அப்பாக்கள் இருந்தார்களே, அந்த ஜாதி நான்.

ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அணிகள், ஆளுக்கு 14 லீக் ஆட்டம். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய மார்க்கோ மெட்டராஸி இங்கே பயிற்சியாளராகவும் வீரராகவும் வந்தார். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அந்த ஆண்டு அதிக கோல் அடித்தவர் ஆனார். 23 புள்ளியோடு லீக்கில் முதலிடம். தோற்றது மூன்றே ஆட்டம். அரையிறுதிக்குக் கொச்சி போய் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 என்று விழுந்தார்கள். சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்துக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தார்கள். 117வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் ஒன்று போட்டார். கேரளா இறுதிக்குப் போனது. என் தலைப்பு: ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.’ உள்ளே, பெரிய ஆட்டத்தில் நடுங்குகிற அணி என்று எழுதியிருந்தேன். மூன்று கோல் பின்தங்கி வந்து மூன்றையும் அடித்த அணியைப் பற்றி எழுதிய வாக்கியம் அது.

லீக்கில் முதலிடம் வருகிற அணிக்கு ஷீல்டு என்று ஒன்றை 2019-20ல்தான் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2014ல் முதலிடத்துக்குப் பரிசு எதுவும் கிடையாது. அதனால் அந்த முதலிடம் என் கணக்கிலும் ஏறவில்லை.

அடுத்த ஆண்டு 22 புள்ளி, ஒன்று குறைவு. தோல்வி ஆறு, முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்கு. முதல் 10 ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்துத் தடுமாறிக்கொண்டிருந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டத்தையும் வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது. டிசம்பரில் சென்னையில் வெள்ளம். நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். சொந்த ஊர் ஆட்டத்தை ஊர் விட்டு ஊர் போய் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் இறுதிக்குப் போய்விட்டார்கள். டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானம். 87வது நிமிடத்தில் ஜோஃப்ரே அடிக்க, கோவா 2-1 என்று முன்னே போனது. 90வது நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு அவர் வலைக்குள்ளேயே போனது. இஞ்சுரி டைமில் ஸ்டீவன் மென்டோசா ஒன்று. 3-2. கோப்பை சென்னைக்கு. மென்டோசாவுக்கு அந்த சீசனில் 13 கோல்.

நான் எழுதியது: ‘பெரிய ஆட்டத்துக்கென்றே பிறந்த அணி.’ போன வருஷம் பெரிய ஆட்டத்தில் நடுங்கியது என்று எழுதியதை மறந்துபோனேனா, மறந்த மாதிரி இருந்துகொண்டேனா தெரியவில்லை. அந்த 90வது நிமிடப் பந்தை கட்டிமணி ஒழுங்காகத் தட்டிவிட்டிருந்தால், ‘14 ஆட்டத்தில் ஆறு தோற்ற அணி இறுதி வரை வந்ததே அதிர்ஷ்டம்’ என்று எழுதியிருப்பேன். அந்தக் கட்டுரைக்கான வாக்கியங்களெல்லாம் என் மண்டையில் தயாராகத்தான் இருந்தன. ரசிகன் கோப்பையைக் கட்டிப்பிடித்துக் குதிக்கலாம், அது அவன் உரிமை. விமர்சனம் என்று சொல்லிக் கூலி வாங்குகிறவன் செய்ய வேண்டியது வேறு.

2016ல் 15 புள்ளி, ஏழாம் இடம். மெட்டராஸி கிளம்பிப்போனார். அந்த ஆண்டு என்ன எழுதினேன் என்று தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளும்படி அதில் ஒன்றுமில்லை.

2017-18ல் ஜான் கிரகோரி வந்தார். அப்போதெல்லாம் நான் ஸ்டேடியத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பெரியமேட்டில் இறங்கி, சென்ட்ரலிலிருந்து வருகிற நீலச் சட்டைக் கூட்டத்தோடு நடப்பது ஒரு சுகம். நேரு ஸ்டேடியத்தில் ஒரு குறை: மைதானத்தைச் சுற்றி ஓடுபாதை இருப்பதால் கேலரியில் உட்கார்ந்தால் ஆட்டம் எட்டவே இருக்கும். எதிர்ப்பக்கம் கோல் விழுந்தால் வலை அசைவதைப் பார்த்துத்தான் தெரியும். சூப்பர் மச்சான்ஸ் ரசிகர் கூட்டம் மேளத்தை விடாமல் அடிக்கும். அங்கே உட்கார்ந்திருந்தால் பட்டியலில் ஏறாத சில விஷயங்கள் கண்ணில் படும். பந்து இல்லாதபோது யார் ஓடுகிறார், கார்னர் எடுக்கும்போது யார் யாரைப் பிடிக்கிறார் என்பதெல்லாம். அந்த சீசனில் கிரகோரி நெல்சன் கார்னர் எடுக்கப் போனாலே பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். பெங்களூரு கண்டீரவாவில் 2018 மார்ச் 17 அன்று நடந்த இறுதியில் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோலும் நெல்சனின் கார்னரில் வந்தவைதான். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். 3-2. லீக்கில் 40 புள்ளி எடுத்து முதலிடத்தில் இருந்த பெங்களூருவை 32 புள்ளி எடுத்த சென்னை அவர்கள் ஊரிலேயே வைத்து வென்றது. அந்தக் கட்டுரை ஒன்றுதான் நான் ஓரளவு உழைத்து எழுதியது. உழைத்ததற்குக் காரணம் நேரில் பார்த்த சீசன் என்பது. பார்த்ததற்குக் காரணம் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் என்பது.

அடுத்த சீசனில் தோற்க ஆரம்பித்ததும் போவதை நிறுத்திவிட்டேன்.

2018-19ன் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது. நடப்புச் சாம்பியன் கடைசி இடம். ‘அவமானம்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகக் கொடுத்தேன். ஒரு சொல் தலைப்பு வைத்தால் பெரிய எழுத்தாளர் என்று அப்போது எனக்கு நினைப்பு. கோப்பையை உயர்த்திய கேப்டன் ஹென்ரிக் செரேனோ போய்விட்டார் என்பதையும், முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜெஜேவுக்குக் கோல் வறண்டுபோனதையும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று, அந்த ஆண்டு கோப்பையை வாங்கிய பெங்களூருவுக்கு எதிராகச் சென்னையில் வந்தது. அந்த ஆட்டத்துக்கும் நான் போகவில்லை.

அதே 2019ல் இதே அணி ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பையிலும் ஆடிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு வென்ற கோப்பைக்குக் கிடைத்த வாய்ப்பு அது. இலங்கையின் கொழும்பு எஃப்சியோடு கொழும்பில் 0-0, பிறகு 1-0 என்று வென்று குரூப் சுற்றுக்குப் போனார்கள். சொந்த மைதான ஆட்டங்களைச் சென்னையில் ஆட முடியாமல் அகமதாபாத்தில் ஆடினார்கள். ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை இறுதி வரை போய் கோவாவிடம் 1-2 என்று தோற்றார்கள். பத்தாம் இடத்து அணி அடுத்த சில வாரங்களிலேயே எப்படி இறுதிக்குப் போனது என்பது சுவாரசியமான கேள்வி. என் கட்டுரை அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. பின்னால் எழுதவும் இல்லை. எழுதினால் ‘அவமானம்’ என்னாவது?

அந்த ஆண்டு விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இது முழு ஒப்புதல் ஆகாது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலைவிட ஒன்றே ஒன்று அதிகம். சீசனின் கடைசி நாள்வரை யாருக்குக் கோப்பை என்று தெரியாத போட்டி. ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி 21 கோல் அடித்திருந்தார். நெய்வேலிப் பையன் எட்வின் அந்த அணியில் ஆடினார். தமிழ்நாட்டில் ஆடும் ஓர் அணி நாட்டின் பழைய லீக்கை வென்ற வாரத்தில், தமிழ்நாட்டுக் கால்பந்து செத்துவிட்டது என்கிற தொனியில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். சினிமா நடிகரும் கிரிக்கெட் வீரரும் முதலாளியாக இருக்கும் அணிதான் செய்தி, கோயம்புத்தூரில் ஆடுகிற அணி செய்தியில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.

இன்னொரு சங்கதி. ஐஎஸ்எல்லில் கடைசி இடம் வந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும் என்று அப்போது விதி கிடையாது. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ கடைசி இடம் வருகிற அணியின் கதி இந்த அணிக்கு வந்திருந்தால் பாதிப் பேரை விற்றுவிட்டு இரண்டாம் டிவிஷனில் ஆடப் போயிருக்க வேண்டும். இங்கே அடுத்த சீசனில் அதே லீக், அதே பூஜ்யத்திலிருந்து தொடக்கம். அப்படித் தொடங்கிய 2019-20ல் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி எடுத்திருந்தபோது கிரகோரி விலகினார். ஓவன் காயில் வந்தார். அடுத்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி. லீக்கில் நான்காம் இடம். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்து, கோவாவில் 2-4 என்று வாங்கி, மொத்தம் 6-5 என்று தப்பினார்கள். இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14. கொரோனா வந்துவிட்டது, ஃபதோர்டாவின் நாற்காலிகளெல்லாம் காலி. கொல்கத்தாவிடம் 1-3. சென்னையின் முன்கள வீரர் வால்ஸ்கிஸுக்கு அந்த சீசனில் 15 கோல்.

இதைப் பற்றி நான் எழுதியது மோசமில்லை. அது சும்மாவே எழுதிக்கொள்கிற கதை. பத்தாம் இடத்திலிருந்து இறுதி வரை என்றால் யார் எழுதினாலும் நன்றாக வரும்.

பிறகு வந்ததுதான் அந்த இரட்டை எட்டு.

இரண்டு சீசனும் கோவாவில், பார்வையாளர் இல்லாமல், வீரர்களை ஓட்டலுக்குள் அடைத்து வைத்து நடந்தவை. நேரில் போக முடியாது என்பது உண்மை. டிவியில் பார்க்கலாமே? பார்த்தேன். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தேன். பாதியில் எழுந்துபோனேன். பல ஆட்டங்களின் முடிவை மறுநாள் பேப்பரில் தெரிந்துகொண்டேன். அப்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தது. பழைய ஆட்டங்களைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன், இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகள்.

2020-21ல் லாஸ்லோவின் அணி 20 ஆட்டத்தில் 11ஐ டிரா செய்தது. தோல்வி ஆறுதான். வாங்கியது 23 கோல், ஆட்டத்துக்கு ஒன்றைக் கொஞ்சம் தாண்டும். பின்களம் நன்றாகவே நின்றது. ஆட்டத்தைக் கட்டி ஓட்டுகிற கேப்டன் கிரிவெல்லாரோ காயம்பட்டு வெளியேறிய பிறகு முன்னால் பந்தைக் கொண்டுசேர்க்க ஆளில்லை. வெற்றி மூன்றுதான். அந்த 11 டிராவில் நான்கைந்தைச் சாய்த்திருந்தால் கதையே வேறு. அந்த அணிக்குத் தேவைப்பட்டது கோல் அடிக்க ஒருவர்.

2021-22ல் பாந்தோவிச்சின் அணி தொடக்கத்தில் பிரமாதமாக ஆடியது. முதல் மூன்று ஆட்டத்தில் 7 புள்ளி. முதல் ஆட்டத்திலேயே ஹைதராபாத்தை 1-0 என்று வென்றது. அந்த ஹைதராபாத்தான் கடைசியில் கோப்பையை வாங்கியது. பிறகு மெல்ல மெல்லச் சரிந்து, பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றபோது பாந்தோவிச்சை அனுப்பிவிட்டார்கள். மிச்ச ஆட்டங்களை நம் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். டிரா ஐந்து, தோல்வி பத்து. முந்தைய ஆண்டைவிட 12 கோல் அதிகமாக வாங்கினார்கள். தோற்றாலும் இழுத்துப் பிடிக்கிற பின்களம் ஓர் ஆண்டில் எங்கே போனது என்பதுதான் அந்த சீசனின் ஒரே கேள்வி. ‘23’ஐ அழித்து ‘35’ என்று டைப் அடித்த கை என்னுடையது. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் கட்டுரை இருந்தது. அதை அழித்துவிட்டு ‘வெறி இல்லை’ என்ற வரியை வைத்துக்கொண்டேன்.

வெறி என்ற சொல்லைப் பற்றி ஒரு பேச்சு. தோற்ற அணிக்கு வெறி இல்லை, ஜெயித்த அணிக்கு வெறி இருக்கிறது என்று எழுதுவதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சொல் என் பக்கத்தில் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணப்போய், பாதியில் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

2022-23ல் தாமஸ் பிர்தாரிச் பயிற்சியாளர். ரசிகர்கள் நேரு ஸ்டேடியத்துக்குத் திரும்பிய சீசன். மறுபடியும் எட்டாம் இடம். மூன்றாவது எட்டு என்றதும் எனக்கு உள்ளூர ஒரு குஷி. அதே ஃபைலைத் திறந்தேன். இந்த முறை அது படியவில்லை. 7 வெற்றி, 6 டிரா, 7 தோல்வி, 27 புள்ளி. அடித்த கோல் 36. முந்தைய இரண்டு சீசனையும் கூட்டினாலும் 34தான். ஒரு சீசனில் இத்தனை கோல் அடிக்கிற அணியைப் பற்றி நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘எட்டில் சனி’ என்று தலைப்பு வைத்தேன். பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று முடித்தேன். சில மாதத்தில் அவர் போனார். என் கட்டுரைக்கும் அவர் போனதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் செய்தியைப் படித்தபோது ஒரு திருப்தி வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

அந்த வருஷம் வியாசர்பாடியில் சின்னப் பையன்களுக்கான போட்டி ஒன்றுக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். முடிந்து கிளம்பும்போது பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வழிமறித்தான். காலில் ஷூ, தோளில் கிட் பேக்.

“சார், நீங்கதான புக்குல சென்னையின் பத்தி எழுதுறது?”

“ஆமாம்பா.”

“இன்னா சார் எட்டு எட்டுன்னு எழுதிட்டீங்க. கவுகாத்தில ஏழு போட்டாங்களே, அத்தப் பாத்தீங்களா?”

2022 டிசம்பரில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை அவர்கள் ஊரிலேயே 7-3 என்று வென்ற ஆட்டம் அது. எல் கயாத்தி ஹாட்ரிக். “பாத்தேன்” என்று பொய் சொன்னேன். ஸ்கோரைப் பார்த்தது பார்த்ததில் சேராதா?

“அப்போ எல் கயாத்தி எப்படி போட்டான்னு சொல்லுங்க.”

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. ஆட்டம் பார்த்த இன்னொருவனோடு அதைப் பேசிப்பார்க்கிற ஆசை, அவ்வளவுதான். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவனே ஆரம்பித்தான். பையைக் கீழே வைத்தான். தரையில் கிடந்த தண்ணீர் பாட்டில் மூடியைப் பந்தாக்கி, காலால் நகர்த்தி நகர்த்தி யார் எங்கே நின்றார், எவன் எந்தப் பக்கம் ஏமாந்தான், இவர் எப்போது நின்று எப்போது அடித்தார் என்று காட்டினான். ஒரு கட்டத்தில் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தி, “நீங்க டிஃபெண்டர் சார், இங்க நில்லுங்க” என்றான். நின்றேன். மூடி என் இரண்டு காலுக்கும் நடுவில் போனது. பிறகு சொன்னான்: “அவன் மட்டும் முழு சீசன் ஆடியிருந்தா நம்ம டாப் சிக்ஸ் சார். காயம்.” ஒரு பக்கத்தில் நான் சொல்லாததை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டான்.

அந்த சீசனிலிருந்து ஆறாம் இடம்வரை வந்தால் நாக்அவுட்டுக்குப் போகலாம் என்று விதி. ஆறாவது வந்த ஒடிசாவுக்கு 30 புள்ளி. மூன்றே புள்ளிதான் குறை. ஏழாவது வந்த கோவாவுக்கும் சென்னைக்கும் ஒரே புள்ளி.

அதற்கப்புறமாவது திருந்தினேனா என்றால், இல்லை. காயில் திரும்பி வந்த 2023-24ல் ஆறாம் இடம். நாக்அவுட்டில் கோவாவிடம் 1-2 என்று தோற்று வெளியேறினார்கள். ‘எழுந்தது சென்னை’ என்று எழுதினேன். 2024-25ல் பதினோராம் இடம். ‘விழுந்தது சென்னை’ என்று எழுதவில்லையே தவிர, அதே அர்த்தத்தில் ஒரு பக்கம் எழுதினேன்.

2025ல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தப் பிரச்சினையில் ஐஎஸ்எல் வழக்கமான மாதத்தில் தொடங்கவில்லை. திறந்து பார்க்கப் பட்டியலே இல்லை. எழுத ஒன்றுமில்லாமல் பழைய பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி மூன்று சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

நான் எட்டில் சனி என்று எழுதிய சீசனில் 27 புள்ளி. எழுந்தது சென்னை என்று எழுதிய சீசனிலும் 27. விழுந்ததாக எழுதிய சீசனிலும் அதே 27. முதலாவது 20 ஆட்டத்தில் எடுத்தது, இரண்டாவது 22ல், மூன்றாவது 24ல். அதாவது ஆட்டத்துக்கு 1.35, பிறகு 1.23, பிறகு 1.13. தோல்வி ஏழு, பதினொன்று, பதினொன்று. அணி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அது எழுந்ததாக நான் எழுதிய சீசனில் அதற்கு முந்தைய ஆண்டைவிட நான்கு ஆட்டம் அதிகமாகத் தோற்றிருக்கிறது. அந்த ஆண்டு ஆறாம் இடத்துக்கு 27 புள்ளியே போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

நாக்அவுட்டுக்குப் போனது பொய்யில்லை, ஆறாம் இடத்துக்கு மதிப்பு உண்டு. போட்டி என்றால் யார் முன்னே யார் பின்னே என்று பார்க்கத்தான் வேண்டும். அதை மட்டும் பார்த்துவிட்டு ஓர் அணியின் ஓராண்டு உழைப்புக்குத் தீர்ப்பு எழுதியதும், மற்ற கட்டங்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சோம்பல்பட்டதும் நான். எட்டு அணி, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று லீக் பெருத்துக்கொண்டே வந்ததையும், 14 ஆட்டம் 24 ஆனதையும் கணக்கில் எடுக்காமல் இடத்தை இடத்தோடு ஒப்பிட்டதும் நான்தான்.

அந்த இதழ்களை யாராவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால் ஒரு வேண்டுகோள். 2022 மார்ச் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், அது 2021ன் பக்கம். 2023ல் வந்த பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், ஓரத்தில் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டால் போதும்: பிர்தாரிச்சின் அணி அதற்கு முன் வந்த இரண்டு அணிகளையும்விட, பின்னால் வந்த இரண்டு அணிகளையும்விட நன்றாக ஆடியது. கட்டுரையாளர் பார்க்கவில்லை.